குளிர்காலக் காலையில் 8×42 பைனாகுலர்: நெடுநாள் அனுபவம்

விலை குறைந்திருக்கிறதே, இப்போது வாங்கலாமா என்று, அண்மையில் பறவை பார்க்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேட்ட அதே 8×42 பைனாகுலரைத்தான் நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் எடையும் அளவுகளும் விளம்பரத்திலேயே இருப்பதால், வீட்டைச் சுற்றியுள்ள மரங்களையும் புதர்களையும் குளிர்கால விடியலில் பார்ப்பதற்கு அது எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுகிறேன். கதிரவன் எழுவதற்கு முந்தைய மங்கல் ஒளியில்தான் இதன் அருமை தெரியும். பறவையை நோக்கியிருக்கும் முகப்பு லென்ஸின் 42 மி.மீ. விட்டத்தை 8 மடங்கு உருப்பெருக்கத்தால் வகுத்தால் 5.25 மி.மீ. வருகிறது, கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் விட்டம் அதுதான். சட்டைப்பையில் அடங்கும் 8×25 வகையில் இது 3 மி.மீ.யைச் சற்றே தாண்டும். கண்மணி சுருங்கியிருக்கும் நண்பகலில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. அது அகன்றிருக்கும் விடியலிலோ, வெறுங்கண்ணுக்குக் கருநிழலாக மட்டும் தெரிகிற குருவியின் முதுகில் உள்ள பழுப்புக் கோடுகளைக்கூட இதன் வழியே எண்ணிவிடலாம். 10×42 வாங்கினால் அந்த விட்டம் 4.2 மி.மீ.யாகக் குறைவதோடு, குளிரில் விறைத்த கையின் நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும் என்பதால், எட்டா பத்தா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே விடைதான் உண்டு.

குளிர்காலத்துச் சிறு பறவைகள், உடற்சூட்டைக் காப்பதற்காகச் சேமித்த கொழுப்பை இரவெல்லாம் எரித்துவிட்டுப் பசியோடு விழிப்பதால், விடிந்தவுடன் இரை தேடுவதிலேயே கருத்தாக இருக்கும். இலையுதிர்ந்த மரமென்றால் அவற்றுக்கு மறைவும் குறைவு. இறகுகளுக்கிடையே காற்றை அடக்கி உடலைப் புடைத்துக்கொண்டு, ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டு நிற்கும் பறவையைத் தெளிவாகப் பார்க்கக் கிடைப்பதற்காக எவ்வளவு குளிரையும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தக் காட்சி சில நொடிகள்தான் நீடிக்கும். அதற்குள் கண் பக்கத்து லென்ஸ்களில் ஆவி படிந்துவிடும். இது நான் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்து வரும் தொல்லை. குழலுக்குள் நைட்ரஜன் வாயு நிரப்பப்பட்டிருப்பதால் பனி படியாது என்று விற்பவர்கள் சொல்வது பொய்யன்று. உள்ளே இன்றுவரை ஒரு துளி ஈரமும் சேரவில்லை. உள்ளிருக்கும் உலர்ந்த வாயு உட்புறத்தைத்தான் காக்கும். வெளிப்புறக் கண்ணாடி சுற்றுக் காற்றளவுக்குக் குளிர்ந்தபின் மூச்சின் ஈரமும் விழியின் ஈரமும் அதன் மீது நீராகப் படிவதை அது எப்படித் தடுக்கும்? கழுத்துத் துணியால் மூக்கை மூடிக்கொண்டாலோ, வெப்பமான மூச்சு முழுவதும் மேல்நோக்கி நேரே அந்த லென்ஸுக்கே போய்ச் சேருகிறது.

இதுவரை இயற்பியலின் குற்றம். எந்த நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும் இது நேரும். என் கோபம் அதற்குப் பிந்தையது. இந்தக் கருவியில் கண் பக்கத்து லென்ஸைக் கிணறுபோல் ஆழத்தில் பதித்து, அதைச் சுற்றி இடைவெளியே விடாமல் கண்குழியோடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் வளையத்தைப் பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே சிக்கிய ஈரக்காற்று வெளியேற வழியில்லை; துடைக்கலாமென்றால் துணி சுற்றிய விரல் விளிம்புவரை எட்டுவதில்லை; எட்டிய இடத்திலும் ஈரம் இழுவிப் படர்ந்து காட்சி இன்னும் கலங்குகிறது. வளையத்தை முழுவதும் கீழே இறக்கி, முகத்திலிருந்து சற்றே விலக்கிப் பிடித்தால் ஆவி குறைகிறது. ஆனால் பக்கவாட்டு ஒளி புகுந்து காட்சி வெளிறுவதோடு, பிடிப்பும் தளர்ந்து படம் ஆடுகிறது. முகப்பு லென்ஸுக்கு நீர் ஒட்டாத மேற்பூச்சு பூசத் தெரிந்தவர்களுக்குக் கண் பக்கம் மட்டும் எப்படி மறந்துபோயிற்று என்று தெரியவில்லை.

இந்தத் தொல்லை வேண்டாமென்று வெப்பமான அறைக்குள்ளிருந்தே பார்க்கலாமா என்றால், அதுவும் கைகொடுப்பதில்லை. சன்னல் கண்ணாடி காட்சியின் கூர்மையைக் கெடுக்கிறது. சன்னலைத் திறந்தால், வெளியேறும் வெப்பக் காற்று குளிர்க்காற்றோடு கலந்து பறவையையே நெளிய வைக்கிறது. வெளியே நின்றுதான் ஆக வேண்டும். திரும்பி வந்ததும் கருவியை மூடிய பைக்குள்ளேயே விட்டு, அறையின் வெப்பநிலைக்கு மெதுவாக வரவிடுவது நல்லது. உடனே வெளியே எடுத்தால் கருவி முழுவதும் வியர்த்துவிடும். குளிரில் மசகு இறுகி, காட்சியைத் தெளிவாக்கத் திருப்பும் குவியத் திருகு கனத்துப்போவதும் உண்டு, அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை.

மதிப்பெண் போட்டால் பெரும்பகுதியை இந்தக் கருவிக்கே கொடுக்க வேண்டியிருக்கும். ஆயினும் நண்பரிடம், விலை எவ்வளவு குறைந்தாலும் இதை வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். அவர் பத்து மடங்கை விட்டுவிட்டு, 8×42 அளவிலேயே வேறொன்றைத் தேடட்டும். கடையில் எடுத்துப் பார்க்கும்போது, துணி சுற்றிய விரல் கண் பக்கத்து லென்ஸின் விளிம்பைத் தொடுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, மற்றவற்றைப் பிறகு பார்க்கட்டும்.