டிராவல் டிரெய்லர்: கராஜுக்குள்ளா, வெளியே உறை போட்டா?

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும், உள்ளே தங்கும் வசதியுள்ள வண்டிதான் டிராவல் டிரெய்லர். ஓட்டாத நாட்களில் அதை எங்கே நிறுத்துவது? முதலில் அளவு நாடா. கராஜ் கதவு பெரும்பாலும் 7 அடி உயரம்தான்; கூரையில் ஏசி வைத்த பெரிய டிரெய்லர் 10 அடியைத் தாண்டும். அதற்கு வெளியிடம்தான், வேறு பேச்சில்லை. மடித்து வைக்கும் பாப்-அப் வகையும், கண்ணீர்த்துளி வடிவச் சின்ன டிரெய்லரும் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த யோசனையே.

கதவின் சட்டத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவோம். மேலே தூக்கித் திறந்த கதவு எவ்வளவு கீழே தொங்குகிறது, கதவைத் தூக்கும் மோட்டாரின் தண்டவாளம் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். வாசலில் சரிவு இருந்தால் இன்னும் வம்பு: சக்கரம் மேட்டில் ஏறும்போது கூரையின் ஒரு முனை தூக்கிக்கொள்ளும், சமதளத்தில் எடுத்த கணக்கு அங்கே செல்லாது. நீளத்தில் முன்னால் நீட்டியிருக்கும் இழுவைக் கம்பியையும் சேர்க்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். சில வண்டிகளில் அதைப் பக்கவாட்டில் மடக்கலாம்.

உள்ளே நுழைந்துவிட்டால் வெயில், மழைக் கவலை இல்லை. ஆனால் கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். அப்புறம் எலி. அது இரண்டு இடத்திலும் வரும்.

வெளியே நிறுத்தினால் டயரும், கூரை ஓரத்தில் தண்ணீர் கசியாமல் அடைத்திருக்கும் சீலன்ட் பசையும் வெயிலில் விரிசல் விடும். தார்ப்பாய் வேண்டாம், ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும், காற்றில் உரசி பெயின்ட்டையும் கெடுக்கும். காற்று புகும் துணி உறை, டயருக்குத் தனி மூடி, இவை போதும்.

இரண்டு அங்குலம்கூட மிச்சமில்லை என்றால், நான் வெளியேதான் நிறுத்துவேன்.