தவறிய டிராவுக்குப் பின் பிளஃப் செய்யலாமா? பியோசால்வர் மென்பொருள் குறித்து ஒரு மதிப்புரை

மேசையில் கடைசியாக விழும் ஐந்தாம் பொதுச் சீட்டான ரிவர் வந்து, எதிர்பார்த்த ஃபிளஷ் (ஒரே வகைச் சீட்டு ஐந்து) அமையாமல் போன பிறகு, வெறுங்கையோடு பந்தயம் கட்டி எதிராளியை விலகச் செய்வதா (அதுதான் பிளஃப்), பந்தயம் கட்டாமல் செக் செய்து அந்த ஆட்டத்தை விட்டுவிடுவதா என்ற கேள்வி ஆன்லைன் போக்கர் ஆடுபவருக்கு மீண்டும் மீண்டும் எழுகிறது. ஃபிளாப்பில், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விழுந்த நிலையில், ஃபிளஷ் டிரா (ஃபிளஷுக்கு இன்னும் ஒரு சீட்டு மட்டும் குறைவான கை) வைத்திருப்பவருக்கு ரிவருக்குள் அது அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 35 சதவீதம்தான். மூன்றில் இரண்டு முறை தவறப்போகிற ஒன்றை வெறும் துணிச்சலை நம்பி முடிவு செய்யக்கூடாது என்று தோன்றியதால்தான், 2015இல் வெளிவந்த பியோசால்வர் என்னும் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கினேன்.

இரண்டு ஆட்டக்காரர்களிடமும் என்னென்ன சீட்டுகள் இருக்கக்கூடும் என்பதையும், பாட்டில் (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையில்) உள்ள சில்லுகளையும், அனுமதிக்கும் பந்தய அளவுகளையும் நாம் கொடுத்தால், இருவரில் எவரும் தம் ஆட்டத்தை மாற்றிக் குறிப்பிடத்தக்க லாபம் அடைய முடியாத நிலை வரும்வரை அது இரு தரப்பையும் மோதவிட்டுக் கணக்கிடுகிறது. இதன் இலவசப் பதிப்பு ஒரே ஒரு ஃபிளாப்பை மட்டும் ஏற்கிறது: இஸ்பேட் ராணி, ஆட்டின் (ஹார்ட்) ஜாக்கி, ஆட்டின் 2. ஃபிளஷ் டிராவும் பலவகை ஸ்ட்ரெய்ட் (அடுத்தடுத்த எண்ணுள்ள ஐந்து சீட்டு) டிராவும் ஒருசேர அமைந்த ஃபிளாப் என்பதால், நம் கேள்வியை ஆராய இதைவிடப் பொருத்தமான மேசை கிடைப்பது அரிது.

நான்காம் பொதுச் சீட்டான டர்னில் கிளாவர் 7, ரிவரில் இஸ்பேட் 3 விழுந்ததாகக் கொள்வோம். எந்த டிராவும் அமையவில்லை. பாட்டில் 100 சில்லுகள் இருக்கையில் 100 கட்டினால், அந்த பிளஃப் நட்டமில்லாமல் இருக்க எதிராளி பாதி முறையாவது ஃபோல்ட் செய்ய (விலக) வேண்டும். 50 கட்டினால் மூன்றில் ஒரு முறை போதும். இந்தக் கணக்குக்கு மென்பொருள் தேவையில்லை. தவறிய டிராக்களில் எதை வைத்து பிளஃப் செய்வது என்பதுதான் கடினமான கேள்வி. என் பழைய நம்பிக்கை தவறு என்று இந்த மென்பொருள் எனக்குக் காட்டியதும் அந்த இடத்தில்தான்.

கையில் இரண்டு ஆட்டின் சீட்டுகளோடு ஃபிளஷைத் தவறவிட்ட ஆட்டங்களிலேயே நான் அதிகமாக பிளஃப் செய்துவந்தேன். மேசையில் இரண்டு ஆட்டின் போக மீதமிருப்பவை 11. அவற்றிலிருந்து எதிராளிக்கு 55 வகை ஆட்டின் ஜோடிகள் வந்திருக்கலாம். என்னிடமே இரண்டு இருந்தால் அது 36 ஆகக் குறைகிறது. அந்த ஜோடிகளில் பெரும்பாலானவை என்னைப் போலவே தவறிப்போய், பந்தயம் வந்தவுடன் ஃபோல்ட் ஆகக் காத்திருப்பவை. ஆக, எவர் விலக வேண்டும் என்று விரும்பினேனோ, அவர்கள் எதிரில் இருக்கும் வாய்ப்பை என் சீட்டுகளே குறைத்துவிடுகின்றன.

ஆட்டின் இல்லாத ராஜா–10 இதற்கு மாறானது. எதிராளியின் 55 ஆட்டின் ஜோடிகளும் அப்படியே இருக்க, அவர் கால் செய்யக்கூடிய (விலகாமல் பந்தயத்துக்கு ஈடுகட்டக்கூடிய) ராஜா–ராணி, ராஜா–ஜாக்கி, ராணி–10, ஜாக்கி–10 ஆகிய நான்கும் தலா 12இலிருந்து 9ஆகச் சுருங்குகின்றன. அதே சமயம் எதிராளியிடம் இருக்கக்கூடிய ராஜா–10, 10–9 என்ற தவறிய ஸ்ட்ரெய்ட் டிராக்களும் குறைகின்றன என்பதை மறக்கக்கூடாது. எந்தக் குறைவு பெரிது என்பதை மனக்கணக்கில் சொல்வது கடினம். பியோசால்வர் அதை ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியே எடைபோட்டுத் தருகிறது. நான் கொடுத்த ரேஞ்சுகளில் (இருவரிடமும் இருக்கக்கூடிய சீட்டுகளின் பட்டியல்களில்), ஆட்டின் கலவாத 10–9உம் ராஜா–10உம் அடிக்கடி பந்தயம் கட்டின. ஏஸ் கலந்த ஆட்டின் ஜோடிகள் பெரும்பாலும் செக் செய்தன. ஏஸ் இருந்தால் சீட்டைக் காட்டும்போதே சில முறை வெல்லலாம் என்பதால் அதை பிளஃபுக்குச் செலவிடத் தேவையில்லை. பிளஃபுக்கு உரியவை மிகப் பலவீனமான கைகளே என்று கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் தம் எளிய போக்கர் மாதிரியில் காட்டியது இங்கே கண்முன் விரிகிறது.

இதன் வரம்பையும் சொல்ல வேண்டும். எதிராளி சரியாகத் தற்காத்து ஆடுகிறார் என்ற அடிப்படையில்தான் இது விடை தருகிறது. சிறிய தொகை மேசைகளில் பலர் அப்படி ஆடுவதில்லை, பார்த்துவிடலாம் என்றே கால் செய்கிறார்கள். 100க்கு 100 கட்டும்போது எதிராளி 45 சதவீதம் மட்டுமே ஃபோல்ட் செய்தால், காட்டினால் வெல்லவே முடியாத கையோடு செய்யும் ஒவ்வொரு பிளஃபும் சராசரியாக 10 சில்லுகளை இழக்கிறது. நோட் லாக்கிங் என்ற வசதியால் எதிராளியின் ஆட்டத்தை அப்படிப் பூட்டிவிட்டு மீண்டும் கணக்கிட்டால், திரையில் பிளஃப்கள் ஏறக்குறைய முழுவதுமாக மறைந்துபோவதைக் காணலாம். என் கருத்தில் இந்த மென்பொருளின் மிகப் பயனுள்ள பகுதி இதுவே. ஆனால் எந்த எதிராளி அப்படிப்பட்டவர் என்பதை ஆடியவர்தான் கவனித்து உள்ளிட வேண்டும்.

இருவர் மோதும் ஆட்டத்தை மட்டுமே இது ஆராய்கிறது. மூவர் ரிவர் வரை வந்த ஆட்டத்துக்கு இதில் விடை கிடையாது. ஃபிளாப்பிலிருந்து கணக்கிட நினைவகம் மிகுந்த விண்டோஸ் கணினி வேண்டும், ரிவரை மட்டும் கணக்கிட எளிய கணினியே போதும். ஆட்டத்தின் நடுவே இத்தகைய உதவியை நாடுவதைப் போக்கர் தளங்கள் தடை செய்துள்ளன. ஆடி முடித்த பிறகு படிப்பதற்குத்தான் இது. 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை இந்தியாவில் தடை செய்திருப்பதால், அங்கிருப்பவர்கள் இதைப் பணமில்லாச் சில்லு ஆட்டங்களோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் இலவசப் பதிப்பை நிறுவி, அந்த ஒரே ஃபிளாப்பில் டர்னையும் ரிவரையும் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் எந்தெந்தத் தவறிய டிராக்கள் பந்தயம் கட்டும் என்று தாளில் எழுதிவிட்டுத் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு வாரம் அப்படிச் செய்த பிறகே நான் பணம் செலுத்தினேன்.