டீலருக்குக் குயின் வராவிட்டால் என்ன தருகிறார்கள் என்று முதலில் பாருங்கள்

மூன்று சீட்டுப் போக்கர் ஆடத் தெரியும் என்ற தைரியத்தில்தான் அந்தச் செயலியில் பணம் கட்டினேன். தெரிந்ததே வினையாகிவிட்டது, தெரியாதவன் விதிப் பக்கத்தையாவது திறந்து படித்திருப்பான். செயலியின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு ஒரு நாள் போதும், ஆனால் ஏமாற்றும் முறையை மாற்றத் தேவையே இராது. ஆகவே முறையைச் சொல்கிறேன்.

முதலில் ஒழுங்கான ஆட்டம். 1994-இல் டெரெக் வெப் என்பவர் உருவாக்கியது. கேசினோவின் சார்பில் சீட்டுப் போடும் டீலரோடு மட்டும்தான் நாம் மோதுகிறோம். பக்கத்தில் இருப்பவர் கையில் என்ன இருந்தாலும் நமக்குக் கவலையில்லை. சீட்டு விழுவதற்கு முன்பே ஒரு பணயம் வைக்க வேண்டும். அதற்கு ஆன்டி என்று பெயர். ஆண்டி என்று படித்தவர்களும் பெரிதாகத் தவறிவிடவில்லை. ஆளுக்கு மூன்று சீட்டு. கையைப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் கவிழ்த்துவைத்து ஆன்டியை இழக்கலாம். பிடித்திருந்தால் ஆன்டிக்குச் சமமாக 'பிளே' என்ற இரண்டாவது பணயத்தை வைத்துத் தொடரலாம். குயின், 6, 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொடர், இல்லாவிட்டால் விடு. இந்த ஆட்டத்தின் வித்தை அவ்வளவுதான்.

ஐந்து சீட்டு ஆடிப் பழகியவர்கள் ஓரிடத்தில் தடுமாறுவார்கள். இங்கே ஃபிளஷைவிட (மூன்றும் ஒரே இனச் சீட்டு) ஸ்ட்ரெய்ட் (மூன்றும் அடுத்தடுத்த வரிசை) பெரியது. மூன்று சீட்டில் அமையக்கூடிய 22,100 கைகளில் ஸ்ட்ரெய்ட் 720, ஃபிளஷ் 1,096. அரிதாக வருவதற்கே மதிப்பு.

கடைசியாக, டீலரிடம் குயினோ அதற்கு மேலோ இருந்தால்தான் அவர் கை ஆட்டத்துக்குச் சேரும். இல்லாவிட்டால், தொடர்ந்து ஆடியவருக்குப் பிளே பணயம் அப்படியே திரும்பும். ஆன்டிக்கு ஒன்றுக்கு ஒன்று கொடுத்தாக வேண்டும். என் கதை முழுவதும் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் இரவு. ஆன்டியில் 10 சில்லு, டீலரின் கை எதுவானாலும், நம் கையில் ஜோடியோ அதற்கு மேலோ வந்தால் பணம் தரும் 'பேர் பிளஸ்' என்ற பக்கப் பணயத்தில் 10 சில்லு. ஆர்ட்டினில் ராஜா, 9, 4 வந்தது. ஃபிளஷ்! பிளேயில் இன்னொரு 10 வைத்தேன். டீலர் சீட்டைத் திருப்பினார்: ஜாக், 8, 3. திரையில் வாணவேடிக்கை, 'வெற்றி' என்று தங்க எழுத்து, காசு கொட்டும் ஓசை. இருப்பில் 30 சில்லு ஏறியது. நானும் மகிழ்ந்துதான் போனேன். அடுத்த பணயம் வைக்கப் போன விரல் பாதியில் நின்றது. பேர் பிளஸில் ஃபிளஷுக்கு நாலு மடங்கு, 40. டீலர் ஜாக்கோடு நின்றதால் ஆன்டிக்கு 10. ஆக, 50 ஏறியிருக்க வேண்டும்.

விதிப் பக்கத்தை அப்போதுதான் திறந்தேன். அடிமட்டத்தில், சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து. விரல்களால் விரித்துப் பெரிதாக்கினால்தான் கண்ணுக்குத் தெரிகிறது: "டீலர் தகுதி பெறாத சுற்றில் அனைத்துப் பணயங்களும் திருப்பி அளிக்கப்படும்." படித்தால் ஏதோ கருணை காட்டுவதுபோல இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் வயிறு எரிகிறது. 100 கைகளில் ஏறக்குறைய 30 முறை டீலருக்குக் குயின்கூட வராது. அந்த 30-இல் நாம் கவிழ்க்காமல் ஆடியவை சுமார் 20 இருக்கும். அந்த 20 ஆன்டி வெற்றியையும் ஒற்றை வரியில் விழுங்கிவிட்டார்கள். ஒழுங்கான மேஜையில், சரியாக ஆடுகிறவர் 100 ஆன்டிக்குச் சராசரியாக 3.37 ஆன்டிதான் கேசினோவிடம் இழப்பார். இங்கே அதற்கு மேல் இன்னும் 20. இரண்டு நாள்களாக நான் 'கை சரியில்லை' என்று என் அதிர்ஷ்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று ஏறிய 30 சில்லும் பேர் பிளஸுக்குக் கிடைத்ததுதான். ஃபிளஷுக்கு நாலுக்குப் பதில் மூன்று மடங்கு தந்ததை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நல்ல கேசினோக்களிலும் அந்தப் பட்டியல் உண்டு. மேஜை விரிப்பிலேயே அச்சிட்டு வைத்திருப்பார்கள், பார்த்துவிட்டு உட்காருவது நம் பொறுப்பு. ஆனால் அந்த ஓர் எண் குறைவதற்கே பேர் பிளஸில் கேசினோவின் பங்கு 2.32 சதவீதத்திலிருந்து 7.28 சதவீதமாக ஏறுகிறது என்பதை யாரும் அச்சிடுவதில்லை.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "வணக்கம் சார், விதிகளை ஏற்றுக்கொண்டுதான் விளையாடியிருக்கிறீர்கள்" என்று பதில் வந்தது. ஆட்டத்தின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு விதியை மட்டும் மாற்றியது ஏன் என்று கேட்டேன். அதே வாக்கியம், எழுத்துப் பிசகாமல், மறுபடியும் வந்தது. சரி, மிச்சத்தையாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்று பணம் எடுக்கும் பொத்தானை அழுத்தினேன். பணம் கட்டும்போது கேட்காத அடையாளச் சான்றுகளை எல்லாம் இப்போது கேட்டார்கள். அனுப்பினேன். புகைப்படம் தெளிவாக இல்லையாம். மறுபடி அனுப்பினேன். "சரிபார்ப்பில் உள்ளது" என்ற வரி 11 நாள்களாக அப்படியே நிற்கிறது.

நேற்று மாலை அவர்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஆவலோடு திறந்தேன். என்னைப் பிரிந்து வருந்துகிறார்களாம். திரும்பி வந்தால் 20 ஆன்டி இலவசமாம்.