தோட்டத்துக் கைக்காயத்துக்கு எந்த நூல்: சில்க்கா, நைலானா?

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஜூன் பிறந்துவிட்டால் கை காய்வதே இல்லை. கவாத்துக் கத்தி இடது பெருவிரல் மேட்டில் இறங்கி நாலு தையல் போட்டு அனுப்பினாலும், லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) தண்ணீர் தூக்கணும், பாத்திரம் கழுவணும். கட்டு நனையத்தான் செய்யும். நூலை எடுக்குமுன் யோசிக்க வேண்டியது இதைத்தான். தோலுக்கு நாங்கள் நைலான் கட்சி.

சில்க் கைக்கு இதமான நூல். சொன்னபடி வளையும், மூன்று முடிச்சில் நிற்கும், நுனி குத்தாது. வாய்க்குள் போட இன்றும் அதுதான் சுகம். ஆனால் பல இழைகளைப் பின்னிய நூல் அது. விளக்குத்திரி எண்ணெய் குடிப்பதுபோல, நனைந்த கட்டின் ஈரத்தை ஊசித்துளை வழியே உள்ளே இழுக்கும். கூடவே போகும் கிருமி இழை இடுக்கில் பதுங்கிக்கொள்ளும். வெள்ளையணு அங்கே எளிதில் எட்டாது. மெழுகு பூசினால் உறிஞ்சுவது குறையும், நிற்காது. நாலாம் நாள் துளைகளைச் சுற்றிச் சிவந்து, அமுக்கினால் சீழ் வந்தால் முதலில் நூலைச் சந்தேகியுங்கள்.

நைலான் ஒற்றை இழை, ஈரம் ஏற வழியில்லை. தொல்லை முடிச்சில்தான். உறையில் சுருண்டிருந்த வளைவு போகாது. இரு நுனியையும் பிடித்து மெதுவாக இழுத்து நேராக்கிக்கொள்ளுங்கள். கைக்கு 4-0 அளவுத் தடிமன் நூல் போதும். முடிச்சுக்கு முதலில் இரட்டைச் சுற்று, மேலே திசை மாற்றி மாற்றி ஒற்றைச் சுற்று மூன்று. ஒரே திசையில் போட்டால் நழுவும். நீடில் ஹோல்டரால் (ஊசி பிடிக்கும் இடுக்கி) நூலின் நடுவில் கடித்தால், நசுங்கிய இடத்தில் அறும். காயத்தின் ஓரங்கள் தொட்டால் போதும்; இறுக்கினால் மறுநாள் வீக்கத்தில் தோல் அறுபட்டு ஏணித் தழும்பு விழும். நுனியை அரை சென்டிமீட்டர் விடுங்கள். பிரிக்கும்போது பிடி கிடைக்கும்.

கைத்தையலை 8 முதல் 10 நாளில் பிரிக்கலாம். மூட்டின் மேல் என்றால் 14. முடிச்சைத் தூக்கி, ஒரு பக்கம் மட்டும் தோலை ஒட்டி வெட்டி, காயத்தின் குறுக்கே இழுங்கள். வெளியே அழுக்கேறிய நூல் உள்ளே போகக் கூடாது.

தோலுக்கு அடியில் போடும், தானே கரையும் உள்தையலில் பேச்சே இல்லை, பாலிகிளாக்டின் என்ற செயற்கை நூல்தான். கேட்கட் (பூனைக்குச் சம்பந்தமில்லை, ஆடு மாட்டுக் குடல்) நொதியால் கரைவது. சீழ் பிடித்தால் நாளுக்கு முன்பே விட்டுவிடும். பாலிகிளாக்டின் நீரால் சிதைவது. மூன்று வாரத்தில் பாதி வலு, 56 முதல் 70 நாளில் முழுதும் கரையும்.

தோலிலும் சீக்கிரம் கரையும் நூலைப் போட்டால், பிரிக்க வரும் பஸ் செலவு மிச்சம். குழந்தைகளுக்குச் சரிதான். கொழுந்து கிள்ளும் கையில் போட்டுப் பார்த்த பழக்கம் எங்களுக்குக் குறைவு, அதனால் இப்போதைக்குச் சிபாரிசு செய்யவில்லை.