செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் ஒரு செபமாலை: 59 சரி, ஆனாலும் தப்பு

கடைப் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், வேலை செய்துகொடுத்த தம்பி முகம் வாடக் கூடாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை தெரிந்த எந்தப் பட்டறையிலும் இதே அனுபவம்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். அதனால் கடையை விட வேலையைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்கள் அத்தையின் செபமாலை அறுந்துபோனது. அத்தை என்றால் மாமியார். என் வீட்டுக்காரரை வயிற்றில் சுமந்திருந்தபோது வேளாங்கண்ணியில் வாங்கியதாம். கருப்பு மரமணி, தேய்ந்து தேய்ந்து புளியங்கொட்டை மாதிரி மினுமினுப்பு. மணிக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பிதான் துருப்பிடித்து, கை வியர்வையில் இற்றுப் போய், இரண்டு மூன்று இடத்தில் விட்டுவிட்டது. நான் பிளவுஸ் தைக்கிறவள், நூல்தானே என்று நைலான் நூலில் கோர்த்துக் கொடுத்தேன். மணி ஒன்றோடொன்று நெருங்கி நின்றதால் விரலுக்கு இடமே இல்லை. அத்தை ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "இது மாலை இல்லடி, கயிறு."

கோவிலுக்குப் பக்கத்தில் புதிது 80 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கவும் செய்தோம். செபத்தை எண்ண ரப்பரில் பத்துக் குமிழ் வைத்த விரல் மோதிரமும் என் மகள் வாங்கி வந்தாள். இரண்டும் சாமி படத்தடியில் கிடக்கின்றன. அத்தை பத்து விரலையும் மடக்கி மடக்கியே செபம் சொல்ல ஆரம்பித்தார்கள். மூட்டுவலிக் கை. ஏழாவது விரலுக்கு மேல் மடங்காது, அப்படியே நிற்கும், வாய் மட்டும் முணுமுணுக்கும். அதைப் பார்த்துக்கொண்டு இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவ முடியவில்லை.

வெள்ளியில் கோர்க்கலாம் என்று சொன்னது என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் ஓர் அக்கா. சேலத்தில் இருந்துகொண்டு வெள்ளிக்கு யோசிப்பார்களா? செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களில் பாதி வீட்டுத் திண்ணை பட்டறைதான். கொலுசு, சலங்கை, மெட்டி, அரைஞாண். மாலையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துப் போனேன்.

அந்தத் தம்பிக்கு முப்பது வயதிருக்கும். டப்பாவை ஒரு தட்டில் கவிழ்த்து ஒவ்வொரு மணியாகப் புரட்டிப் பார்த்தார். நான் எல்லா வளையத்தையும் பற்றவைத்துத் தரச் சொன்னேன், அப்போதுதான் விடாது என்று. "மரமணிக்கா. பக்கத்துல நெருப்பு ஊதினா கருகிடும். வெள்ளி சூடு உடனே ஓடுற உலோகம், நான் இங்க ஊதினா மணிக்குள்ள போயிரும்." அதற்குப் பதிலாக, ஒவ்வொரு மணிக்குள்ளும் கம்பியை விட்டு, இரண்டு பக்கமும் காது மாதிரி வளைத்து, மிச்சத்தை அடியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவதாகச் சொன்னார். சுத்த வெள்ளி வேண்டாம், குழைந்துவிடும், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு கலந்த 925தான் நிற்கும் என்றும் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது. தெரியாததைத் தெரிந்த மாதிரி தலையாட்டாத வேலைக்காரர்.

வெள்ளி 11 கிராம் பிடித்தது, அன்றைய விலை. கூலி 850. சேதாரம் போடவில்லை. நான்கு நாள் என்றார், பன்னிரண்டு நாள் ஆனது. முகூர்த்த மாதம், கொலுசு ஆர்டர் நெருக்கடி, சரி. ஆனால் ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை நாலு ரோட்டிலிருந்து பஸ் ஏறி வீணாகப் போய்வந்தேன்.

வாங்கும்போது கடையிலேயே எண்ணினேன். மொத்தம் 59. இருக்க வேண்டிய கணக்கு இது: பாடுபட்ட சுரூபத்துக்கு, அதாவது சிலுவைக்கு, மேலே ஒன்று, மூன்று, ஒன்று. பிறகு சுற்றிலும் ஐந்து பத்து, நடுவே நாலு தனி மணி. மொத்தம் சரி. சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று வியாழக்கிழமை. எங்கள் வீட்டில் வியாழக்கிழமை என்றாலே சின்னச் சண்டை உண்டு. செபமாலையில் ஒவ்வொரு பத்துக்கும் இயேசு, மாதா வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சியை நினைப்போம், அதுதான் மறையுண்மை, பழைய பேச்சில் தேவ ரகசியம்; எந்த வகை என்பது கிழமைக்குக் கிழமை மாறும். 2002ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்து வியாழனுக்கு வைத்தார், அதுவரை வியாழனில் இருந்த மகிழ்ச்சியின் மறையுண்மைகளைச் சனிக்கு மாற்றினார். அத்தைக்கு அதெல்லாம் கிடையாது. வியாழன் என்றால் பழையபடி சந்தோஷ தேவ ரகசியம்தான். அவர்கள் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று ஆரம்பிப்பார்கள், என் மகள் "தூய மரியே, இறைவனின் தாயே" என்று புதுசில் முடிப்பாள். இரண்டு காலத்துத் தமிழ் ஒரே மந்திரத்தில். மாதாவுக்குப் புரியாமலா போகும்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு உருட்டிக்கொண்டே வந்தார்கள். மூன்றாவது ரகசியம் முடிகிற இடத்தில் விரல் நின்றது. ஒரு மணியைப் பிடித்துத் திருப்பித் திருப்பித் தடவினார்கள். கண்ணைத் திறக்கவில்லை. "இதுல ஒண்ணு கூட இருக்கு" என்றார்கள். நான், "இல்ல அத்தை, எண்ணித்தான் வாங்கினேன்" என்றேன். பதில் இல்லை. தொடர்ந்தார்கள். ஐந்தாவதில் மறுபடி நின்றது. "இங்க ஒண்ணு கம்மி."

விளக்கைப் போட்டு எண்ணினால், மூன்றாவதில் 11, ஐந்தாவதில் 9. கூட்டினால் 59 சரிதான்!

மறுநாள் கொண்டுபோய்க் காட்டியதும் தம்பி தலையில் அடித்துக்கொண்டார். அவர் சாமிக்கு மாலை கோர்த்த பழக்கம் ருத்ராட்சம், ஸ்படிகம். அதில் 108 இருந்தால் போதும், நடுவில் பிரிவு கிடையாது. "மொத்தம்தானக்கா எண்ணணும்னு நினைச்சேன்." பத்துக்கொரு தடவை பெரிய செபத்துக்கு மாறுகிற இடம் அந்தத் தனி மணி, கண் மூடியிருந்தாலும் விரலுக்கு அது தெரியணும் என்று சொன்னேன். கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கணக்கு நோட்டில் ஒரு வட்டம் போட்டு, பத்துப் பத்தாகப் புள்ளி வைத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில், என் எதிரிலேயே, ஒரு மணியைக் கழற்றி இந்தப் பக்கம் மாற்றிவிட்டார். காசு வாங்கவில்லை. டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

இன்னொரு குறை, இது திருத்த முடியாதது. கேட்காமலே சுரூபத்துக்குப் பாலீஷ் போட்டுவிட்டார். பித்தளைச் சுரூபம், இண்டு இடுக்கில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது, அதெல்லாம் போய்ப் பளபளவென்று இருக்கிறது. அதில் ஆண்டவருடைய பாதம் ஏற்கெனவே அத்தை முத்தமிட்டே மழுங்கியிருந்தது. இப்போது விரல் எதுவென்றே தெரியவில்லை. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முதல் நாள் முத்தமிடும்போது ஒரு நிமிஷம் தயங்கினார்கள். நீங்கள் கொடுத்தால் "பாலீஷ் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாலையை மறுபடி மந்திரிக்க, அதாவது ஆசீர்வதிக்க, வேண்டுமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன். மணி அதேதானே, பழுது பார்த்ததால் மந்திரிப்பு போய்விடாது என்றார். அத்தைக்கு மனசு ஆறவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வாசலில் காத்திருந்து ஒரு தரம் தண்ணீர் தெளிக்க வைத்துவிட்டார்கள்.

எட்டு மாதம் ஆகிறது. அக்டோபரில் அன்பியத்தோடு, அதாவது பங்கில் எங்கள் பகுதிக் குடும்பங்களின் செபக் குழுவோடு, வீடு வீடாகப் போன முப்பது நாளும் இதுதான் கையில். வெள்ளி லேசாகக் கறுக்கிறது, அது எந்த வெள்ளியும் வியர்வையில் கறுக்கும், துணியால் துடைத்தால் போகிறது. வளையம் ஒன்றும் விரியவில்லை. ஒரே ஒரு சங்கடம், முன்பு சத்தமே வராது. இப்போது இருட்டில் அத்தை மெல்ல உருட்டும்போது கிலுக் கிலுக் என்கிறது. "பாட்டி கொலுசு போட்டுட்டு செபம் சொல்றாங்க" என்கிறாள் என் மகள்.

5க்கு 4 தருவேன். குறைத்த ஒன்று அந்த மூன்று பஸ் பயணத்துக்கு. 11க்கும் 9க்கும் இல்லை, அது என் மேலும் பாதி. கொடுக்கும்போது ஒரு தாளில் வரைந்து கொடுங்கள், வாங்கும்போது மொத்தமாக எண்ணாமல் பத்துப் பத்தாக எண்ணுங்கள். முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுங்கள். மகளுடைய முதல் திவ்விய நற்கருணை வருகிறது, அவளுக்கும் ஒன்று கோர்க்கக் கொடுத்திருக்கிறேன். ஒரு வாரம் என்றிருக்கிறார், பார்ப்போம்.