கோவை விடுப்பில் நியூரோஃபீட்பேக்: தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள்

ஊருக்கு வரும்போதெல்லாம் பல் வைத்தியம், கண்ணாடி, முழு உடல் பரிசோதனை என்று ஒரு பட்டியலோடுதான் வருவேன். இந்த முறை அதில் நியூரோஃபீட்பேக்கும், அதாவது மூளை அலைகளைக் கருவி வழியே அறிந்து அவற்றை மாற்றப் பழகும் பயிற்சியும், சேர்ந்துகொண்டது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, ஆபீஸ் விவகாரங்களை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே கிடப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். நியூஜெர்சியில் இந்தப் பயிற்சிக்கு ஒரு தடவைக்கு நூறு டாலருக்கு மேல் கேட்டார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். சித்தப்பா மகன் தன் பையனைக் கூட்டிப்போகும் கோவை மையத்தில் அதில் கால்வாசிகூட ஆகவில்லை.

முதலில் பேசியவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தார். (அது இல்லாதவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள்.) “ஊருக்கு எப்ப வந்தீங்க?” என்றார். நேற்றுத்தான் என்றதும் ஈஈஜி, அதாவது மூளை அலைப் பதிவு, எடுக்க மறுத்துவிட்டார். தூக்கக் கலக்கத்தில் தீட்டா என்ற மெதுவான மூளை அலைகள் கூடிவிடுமாம். அந்தப் பதிவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, உடம்பு இந்த ஊர் நேரத்துக்குப் பழகட்டும், தைராய்டும் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பிவிட்டார். காசோடு வந்த ஆளைத் திருப்பி அனுப்பினாரே, அதற்காகவே மறுபடி போனேன்.

போனால் அம்மா வைத்துவிட்ட தேங்காய் எண்ணெய் பிரச்சினை பண்ணியது. பயிற்சி கொடுக்கும் பெண் சொரசொரப்பான ஜெல்லைப் பஞ்சில் எடுத்து உச்சந்தலையைத் தேய்த்துப் பார்த்தாள், ஸ்பிரிட் போட்டும் துடைத்தாள், மின்முனை தலையில் சரியாகப் படவில்லை என்று காட்டும் திரையின் சிவப்பு பச்சையாகவே இல்லை. “நாளைக்குத் தலைக்குக் குளிச்சிட்டு, எண்ணெய் வைக்காம வாங்ணா.”

பயிற்சி எளிது. உச்சிக்குச் சற்றுப் பின்னால் ஒரு மின்முனையைப் பசை வைத்து ஒட்டி, காதுமடல்களில் கிளிப் மாட்டுகிறார்கள். கண்ணை மூடி உட்கார வேண்டும். வினாடிக்கு 8 முதல் 12 துடிப்புள்ள ஆல்ஃபா அலை ஓர் அளவைத் தாண்டினால் ஹெட்ஃபோனில் தம்பூரா ஒலி கேட்கும், குறைந்தால் அடங்கிவிடும். ஒலி வரட்டும் என்று முயன்றால் வராது, விட்டுவிட்டால் வருகிறது. நடுவில் அந்தப் பெண் இரண்டு மூன்று தடவை, “பல்லக் கடிக்கிறீங்ணா” என்றாள். தாடைத் தசை இறுகினால் திரையில் அலை முள்ளாய்ச் சிலிர்க்கிறது. நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறேன் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. கொடுத்த காசுக்கு அதுவே போதும் என்றுகூடத் தோன்றியது.

வரவேற்பறை நோட்டீஸில் ‘நாசா தொழில்நுட்பம்’ என்று போட்டிருந்தார்கள். கதையின் வேர் பூனைகளில் இருக்கிறது. 1960களில் கலிஃபோர்னியாவில் பேரி ஸ்டெர்மன் 12 முதல் 15 துடிப்புள்ள அலையைக் கூட்டப் பூனைகளைப் பழக்கினார். பிறகு ராக்கெட் எரிபொருள் நச்சு பற்றிய சோதனையில், அப்படிப் பழகிய பூனைகளுக்கு வலிப்பு தாமதமாக வந்தது. ராக்கெட்டுக்கும் என் தூக்கத்துக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

குறை ஒன்று உண்டு. பில் போடும் இடத்தில் நாற்பது அமர்வுக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்லி விடாமல் நச்சரித்தார்கள். மிச்சத்தை வாடகைக் கருவியோடு அமெரிக்காவில் தொடரலாமாம். சைக்காலஜிஸ்ட் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கட்டவில்லை. கவனக்குறைவுக் கோளாறு (ஏடிஹெச்டி) உள்ள குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் செய்து 2021இல் வெளியான பெரிய ஆய்வில், நிஜப் பயிற்சி பெற்றவர்களும் போலிப் பயிற்சி பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேறினார்கள். பதற்றம், தூக்கமின்மை வேறு விஷயம் என்றாலும் நாற்பது அமர்வுக்கு முன்பணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை. எனக்குத் தூக்கம் கொஞ்சம் சீரானது உண்மை. அது பயிற்சியாலா, ஆபீஸ் போன் அடிக்காததாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

பதற்றம் முற்றி, மருந்தோ ஆலோசனையோ தேவைப்படுகிறவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஊரில் இருக்கும் வீட்டாருக்கு 14416 எண்ணைக் கொடுத்து வையுங்கள். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி அது, இலவசம், தமிழிலும் பேசலாம்.

கருவி வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு: இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. மென்பொருளில் மின்சார இரைச்சலை நீக்கும் வடிகட்டியை 60க்கு மாற்றாவிட்டால் வீட்டு வயரிங் இரைச்சலும் அலையோடு கலந்து வரும். கிளம்பும்போது வண்ணப் படம் போட்ட பிடிஎஃப் அறிக்கையோடு நிற்காமல், ஈஈஜியின் மூலப்பதிவான ஈடிஎஃப் கோப்பையும் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். எனக்கு அதைக் கொடுக்க இழுத்தடித்தார்கள். கேட்டுக்கொண்டே இருந்ததில் கொடுத்தார்கள்.