ஆத்தாளுக்கு ஒரு மெடிக்கல் பாலிசி: காரைக்குடியில் பத்து நாள்

சிங்கப்பூரில் மருத்துவக் காப்பீட்டை நான் தேடிப் போனதே இல்லை. 2015இலிருந்து மெடிஷீல்டு லைஃப் என்ற அரசுக் காப்பீடு குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லோருக்கும் உண்டு. பழைய நோய் இருந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள், பிரீமியம் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து போய்விடும். அந்தப் பழக்கத்தில்தான், இந்த முறை காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரான பள்ளத்தூர் வந்த பத்து நாளுக்குள் ஆத்தாளுக்கு, அதாவது அம்மாவுக்கு, ஒரு பாலிசி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆத்தாளுக்கு வயது 67. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. போன வருஷம் மதுரையில் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, அர்த்த ராத்திரியில் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பதற்றம் இன்னும் தீரவில்லை.

அரசுத் திட்டங்களை முதலில் விசாரித்தேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அப்பச்சி (அப்பா) போனபிறகு வருகிற குடும்ப பென்ஷனே அதைத் தாண்டுகிறது. மத்திய அரசு 2024இல் அறிவித்த மூத்தோர் அட்டைக்கு வருமானக் கணக்கு இல்லை, ஆனால் 70 ஆகியிருக்க வேண்டும். ஆக, தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும். "65 தாண்டிட்டா யாரு தருவா?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். அந்த வயது வரம்பை 2024 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டார்கள் என்பது ஊரில் பலருக்குத் தெரியவில்லை.

முதல் ஏஜெண்ட் வீட்டுக்கே வந்தார். முகப்பில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தோம். உள்ளே வளவு முற்றத்துத் தூண்களை அண்ணாந்து பார்த்தவர், நேரே 25 லட்ச ரூபாய்த் திட்டத்தை விரித்தார். தூண்கள் ஐயா (தாத்தா) காலத்துப் பர்மாப் பணம். இன்று இந்த வீட்டுக்கு மாதாமாதம் வருவது பென்ஷன் மட்டும்தான். எங்கள் பக்கத்தில் பல வீடுகளின் நிலைமை இதுதான், வெளியூரிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் புரிவதில்லை. அதைவிட என்னைக் கொதிக்கவைத்தது அடுத்து அவர் சொன்னது: "சர்க்கரைய எழுதாதீங்கண்ணே, பிரீமியம் ஏறிரும். பின்னால பாத்துக்கலாம்." பின்னால் பார்க்கப்போவது அவரில்லை, ஆஸ்பத்திரி கவுண்டரில் நிற்கப்போகும் ஆத்தாதான். மறைத்தது தெரிந்தால் கிளெய்மும் போகும், பாலிசியும் போகும். ஐந்து வருஷம் விடாமல் கட்டியிருந்தால் பழசைக் கிளற முடியாது என்று விதி இருக்கிறது, ஆனால் மோசடி என்றால் அதுவும் காப்பாற்றாது.

மறுநாள் டவுன் பஸ்ஸில் காரைக்குடி போனோம். ஒரு அலுவலகத்தில் தந்த தாளில் இன்னமும் 18 சதவீத ஜி.எஸ்.டி. அச்சாகியிருந்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரியே கிடையாது. சொன்னதும் அடித்துத் திருத்தினார்கள். சொல்லாதவர்கள் எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போயிருப்பார்களோ.

செக்காலை ரோட்டில் இரண்டாவதாகப் போன இடத்தில்தான் வேலை நடந்தது. அங்கே வேலை பார்த்த தங்கச்சி ஒருத்தி நாள்காட்டித் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டு, 'ரூம் வாடகை' என்று எழுதிக் கோடு இழுத்தாள். ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசியை எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய ஒரே விதிகளோடு விற்கிறது, விலைதான் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதனால் ஒப்பிடுவது சுலபம். 5 லட்சத்துக்கு எடுத்தால் அறை வாடகை ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வரைதான். "8,000 ரூபா ரூம்ல போய்ப் படுத்தா, மிச்சம் மூவாயிரம்தானேன்னு நினைச்சிராதீங்க" என்றாள். டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர் செலவு எல்லாமே 8க்கு 5 என்று குறையும். அந்தச் செலவுகள் 1,60,000 ரூபாய் ஆகியிருந்தால் 1,00,000தான் எடுத்துக்கொள்வார்கள். அதிலும் 5 சதவீதம் நம் கைக்காசு. மருந்துச் செலவுக்கு இந்த வெட்டு இல்லை. இதை எனக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை. பிரீமியத்தை மட்டும் பார்த்து மலிவு என்று வாங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

கண்புரைக்கு 24 மாதம், சர்க்கரை, பிரஷருக்கு 36 மாதம் காத்திருக்க வேண்டும். 60 தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்குமேல் பிரீமியம் ஏற்ற வேண்டுமென்றால் கம்பெனி காப்பீட்டு ஒழுங்காணையத்தைக் கேட்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்ததையும் அவளே சொன்னாள். 25 லட்சத் திட்டத்துக்கும் இதற்கும் உள்ள பிரீமிய வித்தியாசத்தை ஆத்தாள் பெயரில் வங்கியில் போட்டுவிட்டேன். அந்தக் காத்திருப்புக் காலத்துக்கு அதுதான் துணை.

படிவம் நிரப்பும்போது ஆத்தா மஞ்சப்பையிலிருந்து மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இது காலையில, இது ராத்திரி. ஒண்ணு விடாம எழுதும்மா" என்றாள்.